சைக்கிள் சக்கரத்தில் நிப்பிள் உடைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு காலையில் சேர்ந்து ஓட்டும் நண்பர்கள், பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும் தெருப் பிள்ளைகள், புதிதாகக் கியர் சைக்கிள் வாங்கியவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எண் போட்டிருப்பதற்குக் காரணம், ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மறுபடி சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டிவிட்டு நகரலாம் என்பதுதான்.

1. நிப்பிள்னா எது அண்ணா? போக்ஸ் கம்பியோட நுனியா?

இல்லை, அது தனிப் பாகம். ஹப்பிலிருந்து வரும் போக்ஸ் கம்பி ரிம்மைத் தொடும் இடத்தில் சின்னதாக ஓர் உலோகக் குழாய் தெரிகிறதே, அதுதான் நிப்பிள். பெரும்பாலும் 12 மி.மீ. நீளம். ரிம்முக்கு வெளியே தெரியும் பகுதி நாலு பட்டையாக இருக்கும். நிப்பிளைத் திருகும் சாவி பிடிப்பது அங்கே. ரிம் துளையில் உட்கார்ந்திருப்பது உருண்டையான தலை. டயரையும், டியூபுக்கு அடியில் ரிம்மைச் சுற்றியிருக்கும் பட்டையான ரிம் டேப்பையும் விலக்கினால் அந்தத் தலையில் திருப்புளி வைக்க ஒரு வெட்டு இருப்பதைப் பார்க்கலாம்.

கம்பி நுனியில் மரை உண்டு, நிப்பிளுக்குள்ளும் மரை உண்டு. நிப்பிளைத் திருகத் திருகக் கம்பி இழுபட்டு விறைக்கும். சக்கரம் நிற்பதே இந்த விறைப்பில்தான். ஒவ்வொரு கம்பியும் ரிம்மை ஹப் பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுவை முழுவதையும் ரிம் துளையில் தாங்கிக்கொண்டிருப்பது நிப்பிளின் தலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

2. சக்கரம் ஆடுது. கம்பி போச்சா, நிப்பிள் போச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வண்டியைக் கவிழ்த்து வையுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அமுக்கிக்கொண்டே சுற்றி வந்தால் தொளதொளவென்று ஒன்று அகப்படும். அதன் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஹப்பில் வளைந்து நுழையும் இடத்தில் அறுந்திருந்தால் போனது கம்பி. நிப்பிள் மேல் குற்றமில்லை.

கம்பி முழுசாக இருந்து, ரிம் பக்க முனை மட்டும் வெளியே வந்து தொங்கினால் அந்த நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அரை நிப்பிள் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் தலை அறுந்திருக்கிறது. நிப்பிளே இல்லாமல் மரை மட்டும் தெரிந்தால் நிப்பிள் பிளந்திருக்கும், இல்லை உள்மரை கழன்றிருக்கும். நுனியில் மரையே இல்லை, மொட்டையாக இருக்கிறது என்றால் கம்பி மரையோடு அறுந்து, அந்தத் துண்டு நிப்பிளுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது கம்பி, நிப்பிள் இரண்டையும் மாற்ற வேண்டும்.

எதுவுமே உடையாமல், குலுங்கிக் குலுங்கி நிப்பிள் கழன்று இறங்கியிருப்பதும் உண்டு. பின் சக்கரத்தில் இடப்பக்கம் இது சகஜம். இறுக்கினால் போதும்.

3. ஓட்டும்போது ரிம்முக்குள்ள கலகலன்னு ஏதோ உருளுது. அதுவும் நிப்பிளா?

இருக்கலாம். இரட்டைச் சுவர் ரிம்மில், அதாவது உள்ளே கூடாக இருக்கும் அலுமினிய ரிம்மில், அறுந்த தலை கூட்டுக்குள் விழுந்து உருளும். உடனே 2-இல் சொன்னபடி எல்லாக் கம்பிகளையும் அமுக்கிப் பாருங்கள். எல்லாம் விறைப்பாக இருந்தால் பழைய துண்டு எதையாவது யாரோ உள்ளேயே விட்டிருக்கிறார்கள், அல்லது ரிம் துளைத்தபோது விழுந்த உலோகத் துணுக்கு. பயமில்லை, சத்தம்தான் எரிச்சல்.

காந்தம் விட்டு எடுக்கலாமே என்று பலரும் முயல்வார்கள். பித்தளையையும் அலுமினியத்தையும் காந்தம் இழுக்காது. டேப்பை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையில் பிடித்து, துண்டு வால்வுத் துளைப் பக்கம் வரும்வரை குலுக்கிக் கவிழ்ப்பதுதான் வழி.

4. கம்பி நல்லா இருக்கு, நிப்பிள் தலை மட்டும் துண்டா வந்துடுச்சு. மட்டமான நிப்பிளைப் போட்டுட்டாங்களா?

எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது நிப்பிளின் தரத்தை. நான் முதலில் பார்ப்பது கம்பியின் நீளத்தை. நிப்பிளின் மரை தலைப் பக்கமாகத்தான் இருக்கிறது. கால் பக்கத்தில் சில மில்லிமீட்டர் மரையில்லாத வழுவழுப்பான துளை. கம்பி சரியான நீளத்தில் இருந்தால் அதன் நுனி, தலையில் உள்ள திருப்புளி வெட்டின் அடிவரை வந்து நிற்கும். அப்போது தலைக்கு உள்ளே எஃகு இருக்கிறது. இழுவையைக் கம்பியே நேராகத் தலையிடம் ஒப்படைக்கிறது.

கம்பி இரண்டு மூன்று மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் நுனி தலைக்குக் கீழேயே நின்றுவிடும். அப்புறம் தலையைக் காலோடு சேர்த்துப் பிடித்திருப்பது மெல்லிய பித்தளைச் சுவர், அல்லது அதைவிடப் பலவீனமான அலுமினியச் சுவர் மட்டும்தான். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கழுத்தை இழுத்துத் தளர்த்தி இழுத்துத் தளர்த்தி, ஒருநாள் தலை டப்பென்று கழன்றுவிடும். நிறுத்தி வைத்திருந்த வண்டியில் ராத்திரி சத்தம் கேட்டது என்று சொன்னவர்களும் உண்டு. ஓட்டும்போதுதான் உடைய வேண்டும் என்றில்லை.

சரிபார்ப்பது எளிது. டயரும் டேப்பும் விலகியிருக்கும்போது பக்கத்து நிப்பிள்களின் தலைக்குள் எட்டிப் பாருங்கள். வெட்டுக்குள் கம்பி நுனி தெரிந்தால் நீளம் சரி. ஆழத்தில் இருட்டுத் துளை மட்டும் தெரிந்தால் கம்பி குட்டை. நிப்பிளை எத்தனை தடவை மாற்றினாலும் அதே கதைதான் நடக்கும்.

5. நிப்பிள் மேல வெள்ளையா மாவு மாதிரி பூத்திருக்கு. துடைச்சா போயிடுமா?

மேலே இருப்பது போய்விடும். உள்ளே அரித்தது போகாது. அந்த வெள்ளைப் பூ வந்தால் நிப்பிள் அலுமினியம் என்று அர்த்தம். எஃகுக் கம்பியும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து நனைந்தால் மின்வேதி அரிப்பு நடக்கும். இரண்டில் தேய்வது அலுமினியம். நாகப்பட்டினம், ராமேஸ்வரம் மாதிரிக் கடலோர ஊர்களில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் ஓட்டுகிறவர்களிடம் இதைச் சீக்கிரம் பார்க்கலாம். கார்பன் ரிம் என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் கார்பனும் மின்சாரம் கடத்தும். அதன் பக்கத்தில் அலுமினியம் எஃகுக்குப் பக்கத்தில் இருப்பதைவிட வேகமாக அரிக்கப்படும்.

கடலோரத்தில் ஓட்டிவிட்டு வந்தால் சக்கரத்தை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்து வையுங்கள். குளிக்கிற பக்கெட்டில் ஒரு மக் தண்ணீர் போதும்.

பித்தளைக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் அதற்கும் ஒரு பகையாளி உண்டு: அமோனியா. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்பது 1921-இல் விளங்கியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவங்கள் சிலவற்றில் ரப்பர் பால் கெடாமலிருக்க அமோனியா சேர்ப்பார்கள். ரிம் டேப் ஒழுகினால் அது நேராக நிப்பிள் தலையில்தான் போய்த் தேங்கும். அலுமினிய நிப்பிளையும் அது சும்மா விடாது.

6. ஒண்ணுதானே போயிருக்கு, நாளைக்கு ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போகலாமா?

சக்கரத்தில் எத்தனை கம்பி என்பதைப் பொறுத்தது. பழைய கறுப்பு ரோட்ஸ்டர் வண்டிகளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி. ஒன்று போனால் லேசாக ஆடும், மெதுவாக வீடு போய்ச் சேரலாம். கேரியரில் தம்பியை ஏற்றாமல் போனால் சரி. 20, 24 கம்பி மட்டுமே உள்ள பந்தய வகைச் சக்கரத்தில் ஒன்று போனாலே ரிம் ஒரு பக்கம் ஒதுங்கிப் பிரேக்கிலோ ஃபோர்க்கிலோ உரசும். அதைத் தள்ளிக்கொண்டு வருவது நல்லது.

வழியில் உடைந்தால் தொங்கும் கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிவிடுங்கள் அல்லது டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் செயினிலோ ஃபோர்க்கிலோ மாட்டும். சாவி கையில் இருந்தால், உடைந்ததற்கு இரு புறமும் பக்கத்திலேயே இருக்கும் எதிர்ப்பக்கத்துக் கம்பிகள் இரண்டையும் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ஒதுங்கிய ரிம் ஓரளவு நடுவுக்கு வரும். அப்படியே வாரக்கணக்கில் ஓட்டக் கூடாது. ஒன்றின் சுமையைப் பக்கத்தில் இருப்பவை சுமக்கின்றன. அடுத்து உடைவது அவைதான்.

7. எந்தப் பக்கம் திருகினா இறுகும்? ஒவ்வொரு தடவையும் குழம்பிப் போறேன்.

மரை சாதாரண வலது மரைதான். குழப்பம் எங்கே வருகிறதென்றால், நாம் நிப்பிளை அதன் கால் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். டயரைக் கழற்றி, வெளியிலிருந்து தலையில் திருப்புளி வைத்தால் கடிகார முள் போகும் திசை இறுக்கும். அதே நிப்பிளை ஹப் பக்கமிருந்து பார்த்துச் சாவி போட்டால் எதிர்த் திசை இறுக்கும்.

சந்தேகம் வந்தால் ஒரு கால் சுற்றுத் திருகிவிட்டுக் கம்பியை விரலால் சுண்டுங்கள். சுருதி ஏறினால் இறுகுகிறது.

8. சாவி நிறைய துளையோட வட்டமா ஒண்ணு வெச்சிருக்கேன். எந்தத் துளையைப் போடணும்?

சேர்ந்து நுழைவதில் மிகச் சின்னத் துளையை. உலகில் அதிகம் புழங்கும் அளவுகள் 3.23 மி.மீ., 3.30 மி.மீ., 3.45 மி.மீ., 3.96 மி.மீ. முதல் இரண்டுக்கும் வித்தியாசம் தலைமுடி அளவுதான், ஆனால் 3.23-க்கு 3.45 சாவியைப் போட்டால் இரண்டு திருகலில் பட்டை மழுங்கிவிடும். வட்டச் சாவி மலிவு, அவசரத்துக்கு உதவும்; அதன் துளைகள் சீக்கிரம் அகலும். உங்கள் நிப்பிளுக்கு ஏற்ற ஒரே அளவுச் சாவி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் வரும்.

புது நிப்பிள் வாங்கக் கடைக்குப் போகும்போது பழைய கம்பி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். 14 கேஜ் கம்பி 2 மி.மீ. தடிப்பு, 15 கேஜ் 1.8 மி.மீ., 13 கேஜ் 2.3 மி.மீ. ஒன்றின் நிப்பிள் இன்னொன்றுக்குச் சேராது; சேர்ந்த மாதிரி தோன்றினாலும் மரை நிற்காது.

9. ஒரே ஒரு நிப்பிள் மாத்த டயரைக் கழட்டித்தான் ஆகணுமா? பிரீவீலையும் கழட்டணும்னு பயமுறுத்துறாங்க.

கம்பி நன்றாக இருந்து நிப்பிள் மட்டும் போயிருந்தால் பிரீவீலை, அதாவது பின் ஹப்பில் செயின் மாட்டும் பற்சக்கரத்தை, தொடவே வேண்டாம். கம்பியை ஹப்பிலிருந்து உருவும்போதுதான் அது குறுக்கே நிற்கும். டயர் விஷயத்தில் தப்பிக்க முடியாது, ஆனால் முழுசாகக் கழற்றத் தேவையில்லை. காற்றை இறக்கி, ஒரு பக்க விளிம்பை ரிம்மிலிருந்து எடுத்து, டியூபை அந்த இடத்தில் ஒதுக்கினால் போதும்.

டேப்பை விலக்கி உடைந்த தலையை எடுத்துவிடுங்கள். கம்பி மரையில் ஒட்டியிருக்கும் காலைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகிக் கழற்றுங்கள். கம்பியின் மரையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேயுங்கள். மரை பளிச்சென்று வந்ததும் ஒரு பொட்டு கிரீஸ் மரைக்கு, ஒரு பொட்டு ரிம் துளையின் விளிம்புக்கு. துளை விளிம்பை எல்லாரும் மறப்பார்கள். நிப்பிள் திரும்பும்போது உரசுவது அங்கேதான்.

புது நிப்பிளை வெளியிலிருந்து போட்டு, கம்பியை அதில் நுழைத்து, தளர்வு போகும்வரை திருப்புளியால் திருகுங்கள். அதற்குமேல் சாவி, கால் கால் சுற்றாக. எவ்வளவு என்பது 12-இல். டேப்பை மூடும் முன் கம்பி நுனி எங்கே நிற்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். குட்டையா என்பது (4) அப்போதே தெரிந்துவிடும். டியூப் இல்லாத டயர் என்றால் பழைய டேப்பை மறுபடி ஒட்டாதீர்கள், புதிதாகச் சுற்றுங்கள்.

10. இரட்டைச் சுவர் ரிம்முல நிப்பிள் உள்ள விழுந்து விழுந்து உயிரை வாங்குது.

வேண்டாத கம்பி ஒன்றை எடுத்து, அதன் மரை முனையில் புது நிப்பிளைத் தலைகீழாக, அதாவது தலைப் பக்கமாக, இரண்டு சுற்று மட்டும் மாட்டுங்கள். இப்போது அது ஒரு நீளமான கைப்பிடி. வெளிச் சுவரின் பெரிய துளை வழியே விட்டு உள்ளே இருக்கும் சின்னத் துளையில் நிப்பிளின் காலை இறக்குங்கள். ஹப் பக்கமிருந்து கம்பியைப் பிடித்து நிப்பிளில் இரண்டு மூன்று சுற்று ஏற்றிவிட்டு, கைப்பிடிக் கம்பியைக் கழற்றிக்கொள்ளலாம்.

11. துருப்பிடிச்சு நிப்பிள் அசையவே மாட்டேங்குது. சாவி வழுக்கி முனையும் மழுங்கிப் போச்சு.

மழுங்குவதற்கு முன்னால் என்றால் பொறுமை வேலை செய்யும். துரு விடுவிக்கும் எண்ணெயை இரண்டு இடத்தில் விடுங்கள்: கம்பி நிப்பிளுக்குள் நுழையும் இடம், டயர் பக்கத்துத் தலை. ராத்திரி முழுக்க ஊறட்டும். மறுநாள் முதலில் தளர்த்தும் திசையில் லேசாக, பிறகு இறுக்கும் திசையில், இப்படி ஆட்டி ஆட்டி விடுவியுங்கள். அப்போது கம்பி கூடவே சுழல்கிறதா என்று கவனியுங்கள். கம்பியில் சின்னத் துணுக்கு டேப் ஒட்டி வைத்தால் தெரியும். ஈரத் துணியைப் பிழிவது போலக் கம்பி முறுக்கிக்கொள்ளும், நிப்பிள் அதே இடத்தில் நிற்கும். இன்னும் அழுத்தினால் கம்பி அறும். கம்பியைக் கட்டிங் பிளேயரால் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டால் முறுக்காது.

மழுங்கிய பிறகு என்றால் டயரைக் கழற்றித் தலையில் திருப்புளி போடுங்கள். அதுவும் வழுக்கினால் வைஸ் கிரிப்பால் காலை நெருக்கிப் பிடித்துத் திருப்புங்கள். நிப்பிள் நாசமாகும், கம்பி பிழைக்கலாம். எதற்கும் மசியாவிட்டால் கம்பியை நடுவில் வெட்டிவிட்டு இரண்டையும் புதிதாகப் போடுங்கள். வெட்டும்போது கம்பி தெறிக்கும். ஒரு கையால் அதைத் துணியோடு பிடித்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்பார்கள். விடலாம், பலன் இருக்காது. கொஞ்ச நாளில் தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும்.

12. எவ்வளவு இறுக்கணும்? என்கிட்ட மீட்டர் எதுவும் இல்லையே.

இன்றைய 32 கம்பி அலுமினிய ரிம் சக்கரத்தில் இறுக்கமான பக்கத்துக் கம்பி ஒவ்வொன்றும் 100 முதல் 120 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு இழுவையில் இருக்கும். ரிம்மில் இதைவிடக் குறைவான உச்ச வரம்பு குறிப்பிட்டிருந்தால் அதுதான் கணக்கு. ஆனால் ஒரு நிப்பிள் மாற்ற இந்த எண் தேவையே இல்லை. அதே பக்கத்தில் இருக்கும் நல்ல கம்பிகளைச் சுண்டிச் சத்தத்தைக் கேளுங்கள். புதியதையும் அதே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அதே பக்கம் என்பது முக்கியம். கியர் வண்டியின் பின் சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நிற்பதால் இறுக்கம் அதிகம். எதிர்ப்பக்கத்தில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். இடது கம்பியை வலது கம்பியின் சுருதிக்கு ஏற்றினால் ரிம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நிப்பிள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கம்பி அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகத்தான் நகர்கிறது. அவ்வளவுக்கே இழுவை எக்கச்சக்கமாக மாறிவிடும். அதனால்தான் கால் சுற்று என்று நச்சரிக்கிறேன்.

13. நிப்பிள் மாத்தினேன், இப்ப கோட்டம் வந்துடுச்சு. வேற கம்பியையும் திருகணுமா?

முதலில் புதியதை மட்டும் கவனியுங்கள். உடைவதற்கு முன் சக்கரம் நேராக இருந்திருந்தால், அந்த ஒன்று பழைய இறுக்கத்துக்கு வந்ததும் கோட்டம் பெரும்பாலும் தானாகவே போய்விடும். உடைந்த பிறகு யாராவது மற்றக் கம்பிகளைத் திருகி நேராக்கியிருந்தால்தான் சிக்கல். அவர்கள் செய்ததைத் திருப்ப வேண்டும்.

பிரேக் கட்டையையே அளவுகோலாக வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ரிம் வலப்பக்கம் உரசினால் அந்த இடத்தில் இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். இரண்டையும் செய்தால்தான் மேலும் கீழும் கோட்டம் வராது. பழைய ரோட்ஸ்டரில், கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டால் இழுபடும் பிரேக் ரிம்மின் உட்பக்கத்தைப் பிடிக்கும். பக்கவாட்டுக் கோட்டத்தைவிட மேல்-கீழ்க் கோட்டம்தான் அதில் பிரேக்கைக் கெடுக்கும்.

முடிந்ததும் ஒரே பக்கத்து இணைக் கம்பிகளை ஜோடி ஜோடியாக உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் டிக் டிக்கென்று விடுபடும். இதைச் செய்யாமல் விட்டால் முதல் சவாரியில் அவை விடுபட்டுக் கோட்டம் திரும்பி வரும்.

14. முள்ளும் இல்ல, ஆணியும் இல்ல. டியூபோட உட்பக்கத்துல பஞ்சர் ஆகுது. நிப்பிள் காரணமா?

நல்ல சந்தேகம். டியூபில் ஓட்டை ரிம் பக்கம் இருந்தால் கம்பி நுனியைத்தான் பிடிக்க வேண்டும். ஒற்றைச் சுவர் ரிம்மில் நீளமான கம்பி போட்டால் நுனி நிப்பிள் தலையைத் தாண்டி ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிக்கொண்டிருப்பதை அரத்தால் தலை மட்டத்துக்கு ராவிவிட்டு நல்ல டேப் சுற்றுங்கள். பழைய டியூபை நறுக்கிச் சுற்றுவது நம் ஊர் வழக்கம், மோசமில்லை. நகராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீளக் கம்பிக்கு இன்னொரு கெடுதல்: கம்பியின் மரை தீர்ந்து, நிப்பிள் மரையில்லாத தண்டில் போய் முட்டி நிற்கும். இறுகிவிட்டது என்று நினைப்போம், கம்பி உண்மையில் விறைத்திருக்காது.

15. கம்பி குட்டைன்னு நீங்க சொன்னது (4) சரிதான். 16 மி.மீ. நிப்பிள் கிடைக்குது, அதைப் போட்டு ஒப்பேத்தலாமா?

ஒப்பேறாது. நிப்பிள் எவ்வளவு நீளமானாலும் அதன் தலை அதே ரிம் துளையில்தான் உட்காரும். கூடிய நீளம் கால் பக்கம் போகிறது. கம்பி நுனிக்கும் தலைக்கும் இருந்த இடைவெளி அப்படியே இருக்கும், தலையும் அப்படியே அறும். சரியான நீளக் கம்பி போடுவது ஒன்றே வழி.

16. பித்தளையா, அலுமினியமா? அலுமினியம்தான் வேகம்னு சொல்றாங்க.

பித்தளை நிப்பிள் ஒன்று சுமார் 1 கிராம், அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கு. 32 கம்பிச் சக்கரத்தில் மிச்சம் 20 கிராம் சொச்சம். பந்தயத்தில் ஓடுபவர் கணக்குப் பார்க்கட்டும். நம் மழைக்கும் உப்புக் காற்றுக்கும் தினசரி ஓட்டத்துக்கும் பித்தளைதான். அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. நிக்கல் பூச்சு இருப்பதால் பித்தளை வெள்ளையாகத் தெரியும். கையில் கனம் பார்த்தோ, ஓரத்தை லேசாக ராவி மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்தோ உறுதி செய்யலாம். சிவப்பு, நீலம் என்று பளபளக்கும் வண்ண நிப்பிள்கள் பெரும்பாலும் அலுமினியம்.

17. நிப்பிள் முழுசா இருக்கு, ஆனா ரிம்மை விட்டே வெளிய வந்துடுச்சு. இது எப்படி?

உடைந்தது ரிம். துளையைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் விழுந்து, தலை அதைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கிய சக்கரத்தில், அல்லது பல வருஷம் சுமை ஏற்றிய ரிம்மில் நடக்கும். மற்றத் துளைகளையும் துடைத்துப் பாருங்கள், ஒன்றில் வந்தால் இரண்டு மூன்றில் விரிசல் தொடங்கியிருக்கும். வாஷர் வைத்து ஒரு துளையை ஓட்டிவிடலாம் என்பார்கள். விரிசல் விட்ட அலுமினிய ரிம்மில் அதைச் செய்யாதீர்கள், ரிம்மை மாற்றுங்கள். முன் சக்கரம் என்றால் அன்றைக்கே.

18. மாசத்துக்கு ஒண்ணு உடையுது. ஒவ்வொண்ணா மாத்திட்டே இருக்கலாமா, மொத்தமா மாத்தணுமா?

உடைந்தவை எந்த இடத்தில் என்று பாருங்கள். சக்கரம் முழுக்கச் சிதறி உடைந்தால், அதுவும் அலுமினியம், வெள்ளைப் பூ (5) என்றால் மீதியும் வரிசையில் நிற்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் பித்தளைக்கு மாற்றிவிடுங்கள். கம்பிகளின் மரை நன்றாக இருந்தால் அவற்றையே வைத்துக்கொள்ளலாம். முதலில் எல்லா நிப்பிள்களையும் ஒரு சுற்று, அப்புறம் இன்னொரு சுற்று என்று சமமாகத் தளர்த்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரு பக்கம் விறைப்பும் ஒரு பக்கம் தளர்வுமாக விட்டால் ரிம் கோணும்.

கம்பிகள் எல்லாமே குட்டை என்றால் (4) நிப்பிள் மாற்றுவது வீண் செலவு. தளர்ந்த சக்கரமும் இதே வேலையைச் செய்யும். கம்பி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தரைப்பக்கம் வரும்போது இழுவை முழுசாக விட்டு, மேலே போகும்போது திரும்பப் பிடிக்கும். அந்த ஆட்டம்தான் உலோகத்தை அசதியாக்கி உடைக்கிறது. கம்பியை விறைப்பாக வைத்தால் உடையும், தளர்த்தினால் உடையாது என்பது பலர் நம்பும் தலைகீழ்ப் பாடம்.

19. பின் சக்கரத்துல மோட்டார் வெச்சேன். அதுல இருந்து நிப்பிளும் கம்பியும் மாறி மாறிப் போகுது.

மோட்டார் ஹப் பெரிது. அதிலிருந்து ரிம் வரைக்கும் கம்பி குட்டை. குட்டைக் கம்பியைச் சாதாரணச் சக்கரம் போல மூன்று குறுக்குப் போட்டு, அதாவது ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும்படி, கோத்தால் அது ரிம்முக்குச் சாய்வாகப் போய்ச் சேரும். ரிம் துளையோ நேராக இருக்கிறது. நிப்பிள் அந்தச் சாய்வுக்குத் திரும்ப முடியாமல் ஒரு விளிம்பில் உட்கார, கம்பி நிப்பிளை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒடிந்து வளைகிறது. அந்த வளைவை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே குறுக்கு போட்டுக் கோர்க்கச் சொல்லுங்கள், சாய்வு குறையும்.

இன்னொன்று, மோட்டார் கிட்களில் 12 கேஜ் தடிக் கம்பி, அதாவது 2.6 மி.மீ., போடுவார்கள். தடியாக இருந்தால் பலம் என்று தோன்றும். தடிக் கம்பி இழுபட்டு நீளாது, அதனால் ரிம் சற்று அமுங்கினாலே விறைப்பு விட்டு நிப்பிள் கழலும். சாதாரண ரிம்முக்கு 14 கேஜ் கம்பியை ஒழுங்காக விறைத்தால் பெரும்பாலும் அதுவே நன்றாக நிற்கிறது.

20. நிப்பிள் கழலாம இருக்க சூப்பர் குளூ விடலாமா?

வேண்டாம். அடுத்த கோட்டம் எடுக்கும்போது 11-க்குத்தான் வந்து நிற்பீர்கள். கழல்கிறது என்றால் விறைப்புப் போதவில்லை. பின் சக்கர இடப்பக்கம் இயல்பாகவே தளர்வு என்பதால் அங்கே மட்டும் மரையில் ஆளி விதை எண்ணெய் தொட்டுப் போடும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. போடும்போது வழுக்கும், காய்ந்தால் லேசாகப் பிடித்துக்கொள்ளும், சாவி போட்டால் விட்டுவிடும்.

21. கடையில புது நிப்பிள் போட்டுத் தந்தாங்க. அதே துளையில மறுபடி உடைஞ்சிருக்கு. ஏன் அந்த ஒரே இடம்?

ஒரே இடத்தில் இரண்டாம் முறை உடைந்தால் நிப்பிளை விட்டுவிட்டு அந்த இடத்தைத் தேடுங்கள். முதலில் அந்த ஒரு கம்பி மட்டும் குட்டையா? முன்பு யாரோ கையில் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். பக்கத்தில் உள்ள கம்பியோடு ஒப்பிட்டால் தெரியும்.

அடுத்தது ரிம்மே அங்கே அடிபட்டிருக்கலாம். பள்ளத்தில் விழுந்து ரிம் ஒதுங்கியிருந்தால், அதை நேராகக் காட்ட அந்தக் கம்பியை மட்டும் கடுமையாக இறுக்கியிருப்பார்கள். சுண்டினால் அது மட்டும் கீச்சென்று கத்தும், பக்கத்தில் இருப்பவை தொளதொளப்பாக இருக்கும். அப்படியென்றால் நாலைந்து கம்பிகளையும் தளர்த்திவிட்டு, ரிம்மை நிமிர்த்தி, பிறகு சமமாக இறுக்க வேண்டும். நிமிராத ரிம்மைக் கம்பியால் இழுத்து நிறுத்த முடியாது.

மூன்றாவது, துளையின் விளிம்பில் பிசிறு. உடைந்த தலை கூர்மையாக அந்த இடத்தைக் கீறியிருக்கும், இல்லை ரிம் துளைத்தபோதே பிசிறு இருந்திருக்கும். புது நிப்பிளின் கழுத்தை அது அறுத்துக்கொண்டே இருக்கும். விரல் நுனியால் தடவிப் பார்த்து, உருண்டை அரத்தால் நாலு தடவை ராவி வழவழப்பாக்கி, கிரீஸ் தடவிப் போடுங்கள்.